உறுமச் சொன்னால் இருமுகிறது

லொபாட்சே இறைச்சி ஆலையில்
எடைமேடை என் பொறுப்பு.
மாட்டோடு லாரி, பிறகு மாடில்லாத லாரி;
கழித்தால் மிஞ்சுவது மாடு.
ஒன்பது வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
கனத்தைப் பற்றி எனக்கு யாரும்
வகுப்பெடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை இரவுகளில்
தோல் சட்டை, ஆணி பதித்த இடைவார்,
பகல் வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்காத
டயர் கடையின் பின்பக்கம் நாங்கள் மூன்று பேர்.
தடித்த கம்பியைத் தொங்கிப்போகும் அளவுக்கு இறக்கி
ஆம்ப்பை முழுக்கத் திருகினாலும்
என் கிட்டார்
உறுமச் சொன்னால் இருமுகிறது.
மொலெபாத்சி டிரம்ஸை விட்டு எழுந்து வந்து
அதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.
"காய்ச்சல் இல்லை" என்றான்.

குற்றம் மரத்தில் இல்லை.
கம்பிகளுக்கு அடியில்
இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவில்
படுத்திருக்கிறதே பிக்கப், அதில்.
கொஞ்சம் காந்தம்,
முடியை விட மெல்லிய செம்பு ஆயிரக்கணக்கில் சுற்று.
கிட்டாரின் காது அது. ஆம்ப் வெறும் வாய்.
காது மந்தமென்றால் வாய் என்ன செய்யும்?

சம்பள மறுநாள் கபரோனேவுக்கு பஸ்.
கடையில் இருந்தது இரண்டே இரண்டு.
ஒன்று பதினாறு கிலோ ஓம், செராமிக் காந்தம்,
அட்டையில் மண்டையோடு.
மற்றது எட்டேகால்.
அட்டையில் விலை மட்டும்.
"பதினாறு!"
மொலெபாத்சி கையையே தூக்கிவிட்டான்,
மாட்டு ஏலத்தில் நிற்பவன் போல.
எண் பெரிதென்றால் மாடு பெரிது.
என் தொழிலும் அதைத்தான் சொல்லும்.

கடைப்பையன் ததிவா
இரண்டும் மாட்டிய இரண்டு கிட்டார்களை எடுத்துக் கொடுத்தான்.
பதினாறு, ஒரே அடியில் கடையை நிரப்பியது.
சுவர் மாதிரி.
வேகம் கூட்டினேன்.
சுவர் கரைந்து கூழானது;
எந்தச் சுரம் எங்கே முடிந்ததென்று
வாசித்த எனக்கே தெரியவில்லை.

எட்டேகால், முதலில் ஏமாற்றம்தான்.
உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு
கீழ்ச்சுரத்தை எட்டு முறை வெட்டினேன்.
எட்டும் தனித்தனியே விழுந்தன,
லாரிப் பலகையில் இறங்கும் குளம்புகள் மாதிரி,
எண்ணலாம்.
எங்கள் ஆலையில் ஒரு விதி:
எடைக்காட்டியில் எண் துள்ளுவது நிற்கும்வரை
எழுதக்கூடாது.
இது நின்றது.
பதினாறு, நான் கடையை விட்டு வெளியே வந்தபோதும்
துள்ளிக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மொலெபாத்சி பேசவில்லை.
ஒட்சே தாண்டியதும்
முகத்தைத் திருப்பாமல்
சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் நீட்டினான்.

ஒன்கமெட்சே போன் விளக்கைப் பிடிக்க
ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன்.
சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு.
கடைசி கம்பியும் ஒட்டியது.
இழுத்து ஓர் அடி அடித்தேன்.
கொசு.
"எட்டேகால் கிலோ கொசு" என்றான் மொலெபாத்சி.
அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு.

விரல் நுனி பொசுங்கியிருந்தது,
ஆயிரத்து நானூறு புலா போயிருந்தது.
அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன்.
உட்புறம் ஒரு படம்:
இந்தக் கம்பெனிக்கு நிறங்களின் முறை வேறு.
உள்ளே இரண்டு சுருள்கள்,
ஒன்று சொன்னதை மற்றது
அழித்துக்கொண்டிருந்திருக்கிறது,
அவனும் நானும் பஸ்ஸில் இருந்தது போல.
இரண்டு கம்பிகளை இடம் மாற்றினேன்.

ஆணியில் மாட்டியிருந்த ஸ்பேனர்
தானாகக் கழன்று விழுந்தது.
யாரும் எடுக்கவில்லை.
மொலெபாத்சி குச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தான்,
அவை அவன் கையிலேயே இருந்தன.

திங்கட்கிழமை கழித்தலில் தப்பு.
லாரியில் ஒரு மாடு அதிகமாக வந்திருந்தது,
காகிதத்தில் மட்டும்.
"எண் நிற்பதற்குள் எழுதிவிட்டேன்" என்றேன் மேலாளரிடம்.
அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார்.
உதடு அசைந்தது.